மலைப் பிள்ளைகளுக்கு வண்டி வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வளரும் நாடுகளில் பிள்ளைகளின் படிப்பு என்றாலே முதலில் கட்டணத்தைப் பற்றித்தான் பேசுகிறோம். அதில் நியாயம் உண்டு. 2003-ல் கென்யா தொடக்கப் பள்ளிக் கட்டணத்தை நீக்கியதும் பல லட்சம் பிள்ளைகள் புதிதாக வந்து சேர்ந்தார்கள். நம் அரசுப் பள்ளிகளில் கட்டணம் இல்லை, காலை உணவுகூட உண்டு. ஆனால் நீலகிரியின் கூடலூர், பந்தலூர் பக்கத்துப் பணியர், காட்டுநாயக்கர் பழங்குடிக் குடியிருப்புகளில் பிள்ளைகளைத் தடுப்பது தூரம்.

1 கி.மீ.க்குள் தொடக்கப் பள்ளி, 3 கி.மீ.க்குள் நடுநிலைப் பள்ளி என்கின்றன கல்வி உரிமைச் சட்ட விதிகள். தேயிலைத் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே, யானை நடமாடும் பாதையில், அந்த 3 கி.மீ. எவ்வளவு நீளம் என்பது நடப்பவர்களுக்குத்தான் தெரியும். பள்ளி திறக்கும் ஜூனில்தான் இங்கே தென்மேற்குப் பருவமழையும் தொடங்குகிறது. எந்தத் தாய் தனியே அனுப்புவாள்?

எட்டாம் வகுப்புக்கு மேல் நிலைமை இன்னும் மோசம். சட்டத்தின் பாதுகாப்பு 14 வயதோடு முடிகிறது, உயர்நிலைப் பள்ளியோ மேலும் தள்ளி இருக்கிறது. பிளஸ் ஒன்னில் தரும் இலவச சைக்கிளை இந்த ஏற்றத்தில் மிதிக்க முடியாது. பஸ் பாஸ் இருந்தாலும் பள்ளி நேரத்துக்கு பஸ் வர வேண்டுமே!

தொலைவிலுள்ள குடியிருப்புகளுக்கு வாகன வசதியும் வழித்துணையும் தர அரசுத் திட்டத்திலேயே இடம் இருக்கிறது. ஜூன் முதல் நாளிலிருந்தே ஜீப் ஓடட்டும், ஜீப்காரருக்கு வாடகை மாதாமாதம் கிடைக்கட்டும். வழித்துணையாக அதே குடியிருப்புப் பெண் ஒருவரை நியமியுங்கள். அப்புறம், பத்தாம் வகுப்பு வரை இதை நீட்டியுங்கள்.

- ஒரு வாசகி, பந்தலூர், நீலகிரி மாவட்டம்