செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: பதினோராம் நம்பரும் பதிவுத் தாள்களும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, வெயிலைப் பொருட்படுத்தாமல் வந்திருக்கும் சங்க உறுப்பினர்களே, பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் கால்பந்துச் சங்கத்தின் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். லீக் ஆட்ட முடிவுகளும் கோல் விவரமும் இணைப்பில் உள்ளன. கணக்காண்டு மார்ச்சோடு முடிந்தாலும், ஜூலை வரை நடந்த சிலவற்றையும் சேர்த்திருக்கிறேன். காரணம், டீக்கடையிலும் மைதான வாசலிலும் உறுப்பினர்கள் செயற்குழுவிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "நம்ம பதினோராம் நம்பர் அடுத்த வருஷம் நம்மகிட்ட இருப்பானா?" பதினோராம் எண் சட்டை போடும் அந்த வீரரின் பெயரை இங்கே வேண்டுமென்றே எழுதவில்லை. இந்த அறிக்கை வாட்ஸ்அப்பில் எங்கெங்கோ போகும். அடுத்த நாளே அவர் வீட்டுக்குப் போன் வரும்.

முதலில் அவர் ஆட்டம். வலது கால் ஆட்டக்காரர், ஆனால் இடது விங்கில், அதாவது இடது பக்கக் கோட்டோரம், ஆடுகிறார். பந்து வருமுன்னே உடம்பைத் திறந்து, முதுகு பக்கக் கோட்டைப் பார்க்க நிற்பதால் முழு மைதானமும் அவர் கண்ணில் விழுகிறது. முதல் தொடுதலில் பந்தை அரை அடிக்கு மேல் விடுவதில்லை. பிறகு எதிரணி ரைட் பேக்கின் (வலப்பக்கத் தடுப்பாளர்) காலைப் பார்க்கிறார். பேக்கின் எடை கோட்டோரக் காலில் விழுந்தால் உள்ளே வெட்டுவார். உள்காலில் விழுந்தால் வெளியே ஓடி, இடது காலால் தரையோடு பெனால்டி புள்ளிப் பக்கம் திருப்பி அடிப்பார். உயரமான கிராஸ் அடிப்பதே இல்லை என்று சிலருக்குக் குறை. நம் முன்வரிசையில் தலையால் முட்டும் உயரம் யாருக்கு இருக்கிறது? தரைப் பந்துதான் சரி. அதுவும் கோலியும் ஸ்டாப்பரும் (நடுத் தடுப்பாளர்) தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருக்கும்போது பின்னால் திரும்பி வரும் பந்தைத் தடுப்பது கடினம்.

குறையையும் எழுத வேண்டும். பந்து போனால் அவர் திரும்பி ஓடுவதில்லை. அதனால் நம் லெஃப்ட் பேக் பல ஆட்டங்களில் இருவருக்கு எதிரே தனியாக நின்றார். சீசனின் பிற்பகுதியில் எதிரணிகள் அவர் மேல் இரண்டு பேரை வைக்கத் தொடங்கின: ஒருவர் கோட்டை அடைக்க, மற்றவர் உள்வழியை அடைக்க. லெஃப்ட் பேக்கை வெளிவழியாக அவரைத் தாண்டி முன்னே ஓட (ஓவர்லேப்) விட்டபோதுதான் அந்தப் பூட்டு திறந்தது. ஓடுபவருக்குப் பந்து கிடைக்காவிட்டாலும் இரண்டாவது ஆளை இழுத்துக்கொண்டு போய்விடுவார். மாலை நாலு மணி ஆட்டத்தில், ஏப்ரல் வெயிலில், கடைசி இருபது நிமிடம் அவரிடம் வேகம் இருக்காது. அதற்குள் மாற்று ஆளை இறக்கியே ஆக வேண்டும். "நல்லா ஆடுறவன ஏன் எடுக்குறீங்க?" என்று கத்துபவர்கள் இதைக் கவனத்தில் கொள்ளவும்.

அவரைத் தேடி வருபவர்கள் மூன்று வகை.

முதல் வகை, வேலை தரும் அணிகள். ரயில்வே, வங்கி, வருமான வரி, கணக்காயர் அலுவலகம் என்று சென்னைக் கால்பந்து பல காலம் துறை அணிகளை நம்பித்தான் வாழ்ந்தது. முன்னாள் இந்திய வீரர் சபீர் பாஷா ஆடிய இந்தியன் வங்கி அணி தேசியக் கால்பந்து லீக் வரை போனது. இன்றும் ஒரு வீட்டில் கிளப் சம்பளத்தையும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலையையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் அம்மா எதைத் தொடுவார் என்று சொல்ல வேண்டியதில்லை. அதில் தவறும் இல்லை. மத்திய அரசு வேலைக்கு, மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்கான படிவம் 2 வேண்டும். அதை மாநிலச் சங்கம் தரும். பல்கலைக்கழக அணிக்காக ஆடியவருக்குப் படிவம் 3. மாநில அணிகள் மோதும் சந்தோஷ் டிராபி ஆடிவிட்டு, கையெழுத்து வாங்காமல் சில ஆண்டுகள் கழித்து அலைபவர்கள் உண்டு. போட்டி முடிந்த கையோடு வாங்குங்கள்.

இரண்டாவது வகை, ஐ.எஸ்.எல்., ஐ-லீக் என்ற தேசிய லீக்குகளில் ஆடும் கிளப்கள். உறுப்பினர்கள் பயப்படுவது இவர்களைப் பார்த்துத்தான். பயத்துக்கு முன் நந்தகுமார் சேகரைப் பாருங்கள். சென்னைப் பையன், விங்கர். சென்னை சிட்டி, டெல்லி டைனமோஸ், ஒடிசா வழியாக 2023-இல் ஈஸ்ட் பெங்கால் போனார். அந்த ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில், கொல்கத்தாவின் பரம எதிரிகள் மோதும் டெர்பியில், மோகன் பகானுக்கு எதிரான ஒரே கோல் அவருடையது. நாலரை ஆண்டுகளாக டெர்பி வெற்றி காணாத ஈஸ்ட் பெங்கால் ரசிகர்களை அது அழ வைத்தது. 2024 ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியிலும் கோல் அடித்தார். அவரை உள்ளூர் லீக்கிலேயே பிடித்து வைத்திருந்தால் யாருக்கு லாபம்?

அதே சமயம் பெரிய கிளப் என்றால் பத்திரம் என்றும் நினைக்க வேண்டாம். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்புக்கும் ஐ.எஸ்.எல். நடத்திய நிறுவனத்துக்கும் இடையிலான பதினைந்தாண்டு ஒப்பந்தம் 2025 டிசம்பரில் முடிவதாக இருந்தது. புதுப்பிப்பு முடிவாகாததால் 2025 ஜூலையில் சீசனே நிறுத்திவைக்கப்பட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் கையெழுத்துப் போடுபவர், லீக் நடக்காத மாதங்களில் சம்பளம் உண்டா, காயம்பட்டால் அறுவைச் செலவு யார் பொறுப்பு என்ற இரண்டு வரிகள் ஒப்பந்தத்தில் இருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். நம் மாநிலத்து விங்கர் மைக்கேல் சூசைராஜ் 2020-இல் புதிய சீசனின் முதல் ஆட்டத்திலேயே முழங்கால் காயத்தோடு வெளியேறி அந்த சீசனையே இழந்தார். விங்கரின் தொழில் முழங்காலில்தான் இருக்கிறது.

மூன்றாவது வகைதான் எனக்குக் கவலை தருவது: அணிக்கு ஏழு பேர் ஆடும் கேரளாவின் மலபார் செவன்ஸ். மலப்புறம், கோழிக்கோடு பக்கம் நவம்பரில் தொடங்கி மே வரை நடக்கும். ஆட்டம் முடிந்ததும் கையில் பணம். அதைவிட ஆசை காட்டுவது எது? ஆனால் கூட்டமைப்பின் அங்கீகாரம் இல்லாத ஆட்டம்; பதிவு செய்த வீரர் ஆடினால் நடவடிக்கை வரலாம். அறுவடை முடிந்து இறுகிய தரை, நெருக்கமான இடம், முரட்டு மோதல். காயம் பட்டால் காப்பீடு கிடையாது. லீக் நடுவில் யாரும் கேரளா பஸ் ஏற வேண்டாம் என்று செயற்குழு கேட்டுக்கொள்கிறது.

இனி தாள்கள். ஆறு மாதமாக நான் சொல்லி வருவதும், கேட்டு எல்லோரும் கொட்டாவி விடுவதும் இதுதான்.

செயற்குழுவில் சிலர், நூறு ரூபாய் முத்திரைத்தாளில் ஐந்தாண்டுக்கு எழுதி வாங்கிவிடலாம் என்றார்கள். அது செல்லாது. நம் வீரர் அமெச்சூர். போக்குவரத்துச் செலவும் பூட்ஸும் தவிர நாம் எதுவும் தரவில்லை. சம்பளம் குறித்த எழுத்து ஒப்பந்தம் இல்லாதவரைப் பணம் கேட்டுக் கட்டிப்போட எந்த விதியும் இடம் தராது. தொழில்முறை ஒப்பந்தம் போட்டால்கூட அதிகபட்சம் ஐந்தாண்டு, பதினெட்டு நிரம்பாதவர் என்றால் மூன்றாண்டு. கடைசி ஆறு மாதத்தில் அவர் வேறு கிளப்போடு பேசிக் கையெழுத்துப் போடவும் உரிமை உண்டு. தடையில்லாச் சான்றைக் கொடுக்காமல் இழுத்தடிப்பது இன்னொரு யோசனை. அதில் கெடுவது பையனின் சீசனும் நம் பெயரும்தான். அடுத்த பையனை யார் நம்மிடம் அனுப்புவார்கள்?

நமக்கு உரியது எது என்று கணக்காகப் பார்ப்போம். வெளிநாட்டுக் கிளப் ஒன்று பணம் கொடுத்து ஒருவரை வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 வயது முதல் 23 வயது வரை அவரை வளர்த்த கிளப்களுக்குப் பிரியும். இதுதான் உலகக் கால்பந்து அமைப்பான ஃபிஃபாவின் சாலிடாரிட்டி பங்கு. 12 முதல் 15 வரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒருவர் 12 முதல் 18 வரை நம்மிடம் பதிவாகி இருந்தால் 1 சதவீதமும் 1.5 சதவீதமும் சேர்ந்து 2.5 ஆகும். 50 லட்சம் ரூபாய் மாற்றத்தில் 1,25,000 ரூபாய். 2022 நவம்பரிலிருந்து இந்தப் பணம் ஃபிஃபா கிளியரிங் ஹவுஸ் என்ற பட்டுவாடா அமைப்பு வழியாக, வீரர் எந்த ஆண்டு எந்தக் கிளப்பில் பதிவாகி இருந்தார் என்று காட்டும் மின்னணுப் பாஸ்போர்ட்டை வைத்துப் பிரிக்கப்படுகிறது. பாஸ்போர்ட்டில் இல்லாத ஆண்டுக்குக் காசு இல்லை. நாம் வளர்த்தோம் என்று ஊரே சாட்சி சொன்னாலும் இல்லை.

இதைக் கேட்டதும் கண்கள் விரிந்தன, கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். இந்தியாவுக்குள் நடக்கும் மாற்றத்தில் ஃபிஃபாவின் இந்தப் பங்கு நமக்கு வராது. இங்கே வளர்த்த கிளப்புக்குத் தரும் பயிற்சி இழப்பீட்டை அகில இந்தியக் கூட்டமைப்பின் உள்நாட்டு விதிகள்தான் முடிவு செய்யும். ஆனால் எந்த விதியானாலும் முதலில் கேட்கப்படுவது பதிவுதான். தொகையை விட்டு வேறொன்றும் கேட்கலாம் என்பது என் கருத்து: வாங்கும் கிளப் நம் மைதானத்தில் ஒரு நட்பு ஆட்டம் ஆடட்டும்; நம் பயிற்சியாளர் அவர்கள் பயிற்சி முகாமில் ஒரு வாரம் உட்கார்ந்து பார்க்கட்டும். பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள்.

பதிவில் எங்கே கெடுகிறது? பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், ஆதாரில் இன்னொன்று, மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் மாறி மூன்றாவது. கூட்டமைப்பின் மையப் பதிவு முறையில் ஒரே பையன் இரண்டு ஆளாகப் பதிவாவது இப்படித்தான். பிறகு ஆண்டுகள் இரண்டாக உடைந்துவிடும். பிறப்புச் சான்றிதழில் பெயரே சேர்க்காத பிள்ளைகளும் நம்மிடம் உண்டு. மாநகராட்சியில் பெயர் சேர்க்க, பிறப்பைப் பதிவு செய்த தேதியிலிருந்து பதினைந்து ஆண்டு அவகாசம். தாமதமாகப் பதிவான சான்றிதழைக் காட்டினால் வயதுச் சந்தேகம் எழுந்து, எலும்பு வயதுச் சோதனை வரை போகும். ஒரு சீசன் வேறு கிளப்புக்குப் போய்த் திரும்புபவர்களின் இடைவெளியையும் நாம் குறித்து வைக்க வேண்டும்.

ஏஜென்ட் என்று சொல்லி வருபவர்கள் பற்றி: ஃபிஃபா இணையதளத்தில் உரிமம் பெற்றவர்கள் பட்டியல் இருக்கிறது, பெயர் போட்டுத் தேடுங்கள். "ட்ரையலுக்கு முன்பணம்" கேட்டால் அங்கேயே பேச்சை முடித்துவிடுங்கள். பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் பெற்றோரின் எழுத்துச் சம்மதம் இல்லாமல் ஏஜென்ட் பேசவே கூடாது.

இன்னொரு வேடிக்கை. "போயிடுவானோ" என்று பயப்படுபவர்கள்தான் அவர் உள்ளே வெட்டிப் போவதை ரீல்ஸ் போட்டுக் கிளப்களை டேக் செய்கிறார்கள். போடுவது என்றால் உருப்படியாகப் போடுங்கள். பார்க்க வருபவர்களுக்குக் கோல் மட்டும் போதாது; முழு ஆட்டம் வேண்டும். பந்து இல்லாதபோது எங்கே நிற்கிறார், பந்து போனபின் எத்தனை அடி ஓடுகிறார் என்பதைத்தான் தேடுவார்கள். நடுக்கோட்டுக்கு நேராக, மாடி உயரத்திலிருந்து, போனைப் படுக்கையாக வைத்துப் பிடியுங்கள்.

உலகச் செய்தி பேசாமல் நம் கூட்டம் முடியாது. இத்தாலியின் நெப்போலி கிளப் ரசிகர்களுக்கும் நம்மைப் போலவே பயம், அது 2025 ஜனவரியில் உண்மையானது: அவர்கள் இடது விங்கர் குவிச்சா குவாரட்ஸ்கேலியா பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் கிளப்புக்குப் போனார். மே மாதம் பாரிஸ் இன்டர் மிலானை 5–0 என்று வென்ற சாம்பியன்ஸ் லீக் இறுதியில் அவர் ஒரு கோல் அடித்தார். அதே மாதம் நெப்போலியும் இத்தாலி சாம்பியன் ஆனது. ஸ்பெயினின் பில்பாவோவில், அத்லெடிக் கிளப்பில் நடந்தது நேர்மாறு. இரண்டு கோடைகள் பார்சிலோனா துரத்திய விங்கர் நிகோ வில்லியம்ஸ் 2025 ஜூலையில் 2035 வரை அங்கேயே கையெழுத்திட்டு, விடுவிப்புத் தொகையையும் (ஒப்பந்தம் முடியுமுன் அவரை எடுக்க வேறு கிளப் கட்ட வேண்டியது) ஐம்பது சதவீதத்துக்கு மேல் உயர்த்திக்கொண்டார். ஸ்பெயினில் ஒப்பந்தங்களில் விடுவிப்புத் தொகை எழுதுவது வழக்கம். நம்மிடம் அப்படி ஒன்று இல்லை. பாஸ்கு மண்ணோடு தொடர்புள்ள வீரர்களை மட்டுமே வைத்து ஆடும் பில்பாவோவின் பிடிவாதமும் இல்லை. எனக்கு நெப்போலி வழிதான் நடக்கக்கூடியதாகத் தெரிகிறது: போகிறவர் போகட்டும், இடது பக்கத்துக்கு ஆள் தயாராக இருக்கட்டும்.

அதற்காகப் பதினான்கு வயதுக்குட்பட்டோர் பயிற்சியில் கோட்டோரம் 25 மீட்டர் நீளம், 12 மீட்டர் அகலத்துக்கு ஒரு பட்டை வரைந்து, இரண்டு தாக்குவோருக்கு எதிரே ஒரு தடுப்பாளரை நிறுத்துகிறோம். பந்து வைத்திருப்பவர் தடுப்பாளரை நோக்கியே போக வேண்டும். அவர் நகர்ந்த பிறகுதான் பாஸ். பையன்கள் அவசரப்பட்டு முன்கூட்டியே தட்டிவிடுகிறார்கள். தடுப்பாளருக்கு வேலையே இல்லாமல் போகிறது. இரண்டு பேர் இப்போது காத்திருக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். வலது கால் பையன், இடது கால் பையன் என்று ஒவ்வொருவர் கிடைத்தது நம் அதிர்ஷ்டம்.

மற்றவை சுருக்கமாக. கோடு போடச் சுட்ட சுண்ணாம்பு இனி வேண்டாம், தோலையும் கண்ணையும் புண்ணாக்குகிறது, சாக்பீஸ் தூள்தான். சிறுவர்களுக்கு நாலாம் எண் பந்து வாங்கியாயிற்று. வடகிழக்குப் பருவமழைக்கு முன் தெற்கு மூலை வாய்க்காலைத் தூர்வார வேண்டும். போன மழையில் இடது விங்கே குளமானது.

பெற்றோர் செப்டம்பர் கடைசி ஞாயிற்றுக்குள் கொண்டுவர வேண்டியவை: பிறப்புச் சான்றிதழ், ஆதார், பள்ளி அடையாளச் சான்று, இரண்டு பாஸ்போர்ட் அளவுப் படங்கள், இதற்கு முன் வேறு கிளப்பில் ஆடியிருந்தால் அந்த ஆண்டுகளின் விவரம். போனில் எடுத்த படம் போதாது. அசலைக் காட்டிவிட்டு உடனே எடுத்துச் செல்லலாம். காலை ஆறு மணி முதல் பயிற்சி முடியும் வரை துணைச் செயலாளர் சங்க அறையில் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்