படம் பார்க்காதவருக்கும் ஓர் இருக்கை

தண்டையார்பேட்டை

அன்புள்ள சேகர்,

இங்கு எல்லோரும் நலம். உன் அம்மாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்துவிட்டது. நேற்று கல்மண்டபம் வீட்டுக்குப் போயிருந்தேன். கூடத்தில் உட்கார்ந்தபடியே எதிர்ச்சுவர்க் காலண்டரில் தேதி, கிழமை, நல்ல நேரம் எல்லாம் படித்துக் காட்டினார். அண்ணி விடவில்லை, சங்கரா மீன் குழம்போடு சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார். உன் அண்ணன் மகன் கார்த்திக் சிங்கப்பூர் போய் வந்திருக்கிறான். அவன் சொன்ன கதை இந்தக் கடிதத்துக்கு வேண்டும், பிறகு வருகிறேன். முதலில், போன கடிதத்தில் நீ வருந்திய அந்த ஆறு.

உன் ஊர் ஆர்லாண்டோவில், டிஸ்னியின் மேஜிக் கிங்டம் பூங்காவின் ஆற்றில் 1971 முதல் ஓடிய நீராவிப் படகையும் ஆற்றின் நடுவே இருந்த தீவையும் 2025 ஜூலையில் மூடிவிட்டு, கார்ஸ் படத்தின் பெயரில் புதுப் பகுதி கட்டப் போகிறார்கள் என்று படித்தபோதே உன்னைத்தான் நினைத்தேன். கடைசி நாளில் நீ வேலைக்கு விடுப்பு போட்டுவிட்டுப் போய் மேல்தளத்தில் நின்றதை எழுதியிருக்கிறாய். அந்த வருத்தத்தில் எனக்கும் பங்கு உண்டு. அந்த ஆறு யாருக்கும் எந்தக் கதையும் சொன்னதில்லை. வெயிலில் அலைந்து களைத்தவர்கள் காற்று வாங்கிக்கொண்டு ஒரு சுற்று சுற்றி வந்தார்கள், அவ்வளவுதான். அப்படிச் சும்மா இருக்க ஓர் இடம் அந்தப் பெரிய பூங்காவில் இல்லாமல் போவது உண்மையான இழப்பு. அதில் உன்னோடு எனக்கு வாதமே இல்லை.

ஆனால் அங்கிருந்து நீ ஒரு தீர்ப்புக்குத் தாவுகிறாய்: பழைய ரைடுகள் எல்லாம் கலை, படத்திலிருந்து வந்தவை எல்லாம் வியாபாரம். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1955 ஜூலை 17 அன்று டிஸ்னிலேண்ட் திறந்தபோதே படம் உள்ளே வந்துவிட்டது. பீட்டர் பான் ரைடு முதல் நாளிலேயே இருந்தது. அந்தப் படம் வெளியாகி அப்போது இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. ஸ்னோ ஒயிட் ரைடும் படத்திலிருந்து வந்ததுதான். இன்றைக்கு அவற்றைப் பழம்பெருமை என்று கொண்டாடுகிறோம். அன்று அவையும் திரையில் ஓடி வென்ற படத்தின் பெயரில் ஆள் சேர்த்தவைதான்.

மூடியபோது நீ கண்ணீர் விட்ட ஸ்பிளாஷ் மவுண்டன் தண்ணீர்ச் சரிவு ரைடையே எடுத்துக்கொள். அதுவும் படம்தானே? 1946இல் வந்த படம். கறுப்பின மக்களைத் தோட்டப் பண்ணை வாழ்க்கையில் காட்டிய விதத்துக்காக அமெரிக்காவில் அதை வீடியோவாகக்கூட டிஸ்னி வெளியிட்டதில்லை. ஆகவே அந்தச் சரிவில் நனைந்து சிரித்த கோடிப் பேரில் மிகப் பெரும்பாலோர் மூலப்படத்தைப் பார்த்தவர்களே அல்ல. ஆனாலும் அந்த முயலும் நரியும் அவர்களுக்குப் போதுமாக இருந்தன. முயல் வீட்டைவிட்டுக் கிளம்புகிறது, மாட்டிக்கொள்கிறது, முள்புதரில் விழுந்து தப்பிக்கிறது. நாமும் அதனோடு 50 அடி விழுகிறோம். வேறு என்ன தெரிய வேண்டும்?

என் அளவுகோல் இதுதான், சேகர். படம் பார்க்காத ஒருவரை அந்த இருக்கையில் உட்கார வை. அவருக்கும் கதவு திறந்தால் அது நல்ல ரைடு. எந்த வருடம் கட்டினார்கள், எந்தப் படத்தின் பெயர் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

லாஸ் ஏஞ்சலிஸில் மகள் வீட்டில் இருந்தபோது நாங்கள் டிஸ்னிலேண்ட் போனதை உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன். விஜயாவைப் பற்றி அப்போது எழுதவில்லை. காசிமேட்டில் பிறந்து வளர்ந்தவள், ஆங்கிலப் படம் பார்க்கும் பழக்கமே இல்லாதவள். கடற்கொள்ளையர் ரைடில் படகில் ஏறியதும் முதலில் அவள் குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். மருந்து கலந்த அந்த வாசனையைப் பிடித்துவிட்டு, 'இது ஓடுகிற தண்ணீர் இல்லை, ஓட்டுகிற தண்ணீர்' என்றாள். இருட்டில் படகு சட்டென்று கீழே சரிந்தபோது என் கையைப் பிடித்தவள், அடுத்த சரிவுக்கும் விடவில்லை. அந்தச் சரிவுகள் வெறும் பயமுறுத்தல் அல்ல என்பது உனக்குத் தெரியும். பூங்காவைச் சுற்றி ஓடும் ரயில் பாதைக்கு அடியில் படகைக் கொண்டுபோய், மதிலுக்கு வெளியே இருக்கும் பெரிய கட்டடத்துக்குள் விட வேண்டும். இடப் பற்றாக்குறைக்குச் செய்த வழியையே கதையாக மாற்றிவிட்டார்கள். அதன் பிறகு குண்டு பொழியும் கப்பல், கொள்ளை, எரியும் ஊர். அத்தனையும் அவளுக்கு வரி வரியாகப் புரிந்தது. ஒரு பீப்பாய்க்குள்ளிருந்து ஒருவன் தலையை நீட்டினான். முன் படகிலிருந்த பிள்ளைகள் அவன் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள். விஜயா என் பக்கம் திரும்பி, 'யார் இவன், எதற்கு இவனுக்கு மட்டும் இத்தனை வரவேற்பு?' என்று கேட்டாள்.

அந்த ஒரு இடத்தில் மட்டும் அவளுக்குக் கதவு மூடிக்கொண்டது. 1967இல் திறந்த ரைடு அது. வால்ட் டிஸ்னி அருகிலிருந்து உருவாக்கிய கடைசி ரைடுகளில் ஒன்று; திறப்பதைப் பார்க்க அவர் உயிரோடு இல்லை. அந்த ரைடிலிருந்துதான் 2003இல் படம் பிறந்தது. பிறகு 2006இல் படத்தின் நாயகன் ஜாக் ஸ்பாரோவை, அந்தப் பீப்பாய்க்காரனை, ரைடுக்குள் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளை வந்து தாய்வீட்டில் தன் படத்தை மாட்டிக்கொண்ட கதை. நீ கோபப்பட வேண்டுமானால் இதற்குக் கோபப்படு, நானும் சேர்ந்துகொள்கிறேன்.

அன்று மாலை ஹாண்டட் மேன்ஷன் என்ற பேய் மாளிகை ரைடு. 1969இல் திறந்தது. 999 பேய்கள் இருக்கின்றன, இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறது என்று அழைக்கிறார்கள். முதல் அறையில் சுவரோவியங்கள் நீண்டுகொண்டே போகின்றனவே, அங்கே கலிபோர்னியாவில் நாம் நிற்கும் தரைதான் லிஃப்ட். ரயில் பாதைக்குக் கீழே போவதற்காக இறங்குகிறது. உன் ஊரில் அந்தத் தேவை இல்லாததால் கூரை மேலே எழும்புகிறது. இதை நீதான் எனக்குச் சொன்னாய். நடன மண்டபத்தின் சூத்திரத்தை நான் விஜயாவுக்குச் சொன்னேன். நமக்கும் மண்டபத்துக்கும் நடுவே ஒரு பெரிய கண்ணாடி. பொம்மைகள் உண்மையில் ஆடுவது நமக்கு மேலும் கீழும், நம் கண்ணில் படாத இடத்தில். அவற்றின் மீது வெளிச்சம் விழும்போது கண்ணாடியில் தெரியும் பிம்பம் மண்டபத்துக்குள் ஆடுவதுபோல் தோன்றுகிறது. இரவு பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தால் எண்ணூர் நெடுஞ்சாலை லாரிகளுக்கு நடுவே நம் முகம் மிதந்து வருமே, அதேதான். 1862இல் லண்டன் மேடையில் பெப்பர் காட்டிய வித்தை. பிம்பம் என்பதால் இடம் வலம் மாறி, ஆடும் ஜோடிகளில் பெண்தான் ஆணை நடத்திச் செல்வதுபோல் தெரியும். அடுத்த முறை போகும்போது கவனித்துப் பார். சூத்திரம் தெரிந்த பிறகும் விஜயாவுக்கு மெய்சிலிர்த்தது. அந்த வீட்டில் யார் செத்தார்கள், ஏன் செத்தார்கள் என்று யாரும் கோவையாகச் சொல்வதில்லை. பார்க்கிறவர்தான் கதையைக் கட்டிக்கொள்கிறார்.

மறுநாள் பக்கத்துப் பூங்காவில், 2017இல் கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி படத்துக்காக மாற்றிய அந்த லிஃப்ட் கோபுர ரைடுக்குப் போனோம். அடைபட்ட நாயகர்களை விடுவிப்பதுதான் கதையாம். லிஃப்ட் தூக்கித் தூக்கிப் போடுகிறது, பாட்டு அலறுகிறது, கதவு திறக்கும் ஒவ்வொரு தடவையும் திரையில் யாரோ சண்டை போடுகிறார்கள். இறங்கி வந்ததும், யாரை எதற்காக விடுவித்தோம் என்று விஜயா கேட்டாள். எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. உடம்பு மட்டும் குலுங்கியது. நீ திட்டும் ரகம் இதுதான், திட்டு.

இப்போது கார்த்திக்கின் கதை. சிங்கப்பூர் யுனிவர்சல் ஸ்டுடியோஸ் பூங்காவின் டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடைப் பற்றி அரைமணி நேரம் பேசினான். 'சித்தப்பாவுக்கு எழுதுங்கள் மாமா, புதுசுதான் கெத்து என்று நான் சொன்னதாக' என்றான். கண்ணை மூடிக்கொண்டு யோசி, எது முதலில் நினைவுக்கு வருகிறது என்று கேட்டேன். மம்மி ரைடில் கும்மிருட்டில் வண்டி பின்னோக்கிப் பாய்ந்த நொடி என்று உடனே சொன்னான். அந்தப் படம் 1999இல் வந்தது, அவன் பார்த்ததே இல்லை. படத்திலிருந்து வந்த ரைடுதான், ஆனால் இருட்டுக்கு முன்கதை தேவைப்படவில்லை. நீயும்கூட முன்பொரு கடிதத்தில், 2010இல் திறந்த ஹாரி பாட்டர் கோட்டையில் ரோபோ கையின் நுனியில் உட்கார்ந்து பறந்ததைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தாய். அப்போது வியாபாரம் என்ற சொல் உன் பேனாவில் வரவில்லை.

ஒன்று மட்டும் உன் பக்கம் பலமாக நிற்கிறது. படத்தை நம்பிக் கட்டியது அந்தப் படத்தின் வயதோடு கட்டுண்டது. உன் ஊர் யுனிவர்சலிலேயே பார்: கிங் காங் 2002இல் போய் மம்மி வந்தது, பேக் டு தி ஃபியூச்சர் 2007இல் போய் சிம்ப்சன்ஸ் வந்தது, ஜாஸ் 2012 ஜனவரியில் போய் அந்த இடத்தில் ஹாரி பாட்டரின் டயகன் சந்து எழுந்தது. சிங்கப்பூரில் மடகாஸ்கர் படகு ரைடு 2022இல் மூடி, மினியன்கள் 2025இல் குடியேறினார்கள். சிம்ப்சன்ஸ் டிவி தொடர் என்பதைத் தவிர்த்தால், எல்லாம் படத்தை நீக்கிவிட்டுப் படம். இதற்கு நடுவே எந்தப் படத்திலிருந்தும் வராத அந்தப் பேய் மாளிகையும், 1964 நியூயார்க் கண்காட்சிக்காகச் செய்த 'இட்ஸ் எ ஸ்மால் வேர்ல்ட்' பொம்மைகளின் படகு ரைடும் இன்னும் ஓடுகின்றன. உன் ஊரிலேயே டிஸ்னியின் எப்காட் பூங்காவில், நார்வே பகுதியில் ஒரு நாட்டின் கடலையும் புராணத்தையும் காட்டிய ரைடை 2014இல் மூடி, ஃப்ரோசன் படத்தைக் கொண்டுவந்தார்களே, அதை நான் இன்னும் ஏற்கவில்லை. நாட்டைப் பார்க்க வந்தவருக்குப் படத்தைக் காட்டுவது முறையில்லை.

நம் ஊரை நினைத்தால் வியப்பாக இருக்கிறது. சினிமா இல்லாமல் ஒரு நாளும் விடியாத சென்னையில் பொழுதுபோக்குப் பூங்காக்கள் மட்டும் படத்தை அண்டாமலே வளர்ந்தன. இந்தியாவின் முதல் 3டி படத்தைத் தயாரித்த நவோதயா அப்பச்சன்தான் கிஷ்கிந்தா பூங்காவைக் கட்டினார். ஆனால் நாம் அங்கே போய் வாய் பிளந்தது தண்ணீரையும் ராட்டினத்தையும் பார்த்துத்தான். வி.ஜி.பி. வாசலில் இமைக்காமல் நின்ற சிலை மனிதரைச் சிரிக்க வைக்க நாம் பட்ட பாட்டுக்கு எந்தப் படமும் தேவைப்படவில்லை. தீவுத்திடல் பொருட்காட்சியில் ராட்சத ராட்டினத்தின் உச்சிக்குப் போனதும் துறைமுகக் கிரேன்களின் விளக்குகளைக் காட்டி, அதுதான் நம் வீடு இருக்கும் பக்கம் என்று நீ கத்துவாய். கதையை நாமே கொண்டுபோனோம். இப்போது திருப்போரூரில் வொண்டர்லா வந்திருக்கிறது. அதன் தலைகீழ்ச் சுழலும் ரோலர் கோஸ்டரைக் கார்த்திக் இப்போதே மனப்பாடமாக வர்ணிக்கிறான். நீ வரும்போது மூவரும் போகலாம். மெட்ரோவில் பாதி தூரம், பஸ்ஸில் மீதி.

உனக்கு ஒரு வேலை வைக்கிறேன். ஸ்பிளாஷ் மவுண்டன் இருந்த அதே கால்வாயில் 2024 ஜூனில், தவளை இளவரசி படத்தின் நாயகி டியானாவின் பெயரில் ஒரு ரைடைத் திறந்தார்களே, கோபத்தில் அதில் ஏற மாட்டேன் என்று எழுதியிருந்தாய். கோபத்தை ஒரு நாள் ஒதுக்கிவைத்துவிட்டு, படம் பார்க்காத யாரையாவது கூட்டிக்கொண்டு போய் ஏறு. பக்கத்து வீட்டுப் பெரியவர், புதிதாக வேலைக்கு வந்த பையன், யாராக இருந்தாலும் சரி. இறங்கியதும் என்ன நடந்தது என்று அவரிடம் கேள். நீ ஒன்றும் விளக்காதே. அவர் சொன்னதை அப்படியே எனக்கு எழுது. அவருக்குக் கதவு திறந்ததா இல்லையா என்று பார்த்துவிட்டு மீதி வாதத்தை வைத்துக்கொள்வோம்.

விஜயா விசாரித்ததாகச் சொல்லச் சொன்னாள். பிள்ளைகளுக்கு என் அன்பு.

உன்,
முரளி