முதலில் பிரேக் ஆயிலை மாற்று

அன்புள்ள தம்பிக்கு,

முதல் முறையாக ரேஸ் டிராக்கில் கார் ஓட்டப் போகிறாய் என்று கேட்டதும் அவ்வளவு சந்தோஷம். எக்ஸாஸ்ட் மாற்றலாமா, அகலமான டயர் போடலாமா என்று கேட்டிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இருக்கும் பணத்தை பிரேக்கில் போடு.

ரோட்டில் எப்போதாவதுதான் ஓங்கி பிரேக் அடிப்போம். டிராக்கில் ஒவ்வொரு சுற்றிலும் பல தடவை அடிக்க வேண்டிவரும், அதுவும் நல்ல வேகத்தில். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும். புது டாட் 4 ரக பிரேக் ஆயில் குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரி வரைக்கும்தான் உத்தரவாதம். கொதித்துவிட்டால் குழாய்க்குள் ஆவிக் குமிழ் கட்டும். உன் மிதி அந்தக் குமிழை அமுக்குவதிலேயே வீணாகிவிடும். பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகும், கார் நிற்காது. அதனால் புது ஆயில் ஊற்றி, லைனில் காற்று இல்லாமல் எடுக்கச் சொல். பிரேக் பேடு பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் அதையும் மாற்று.

இன்ஜின் ஆயில், கூலன்ட் அளவைப் பார். வீல் நட்டுகளை டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து முடுக்கும் ஸ்பானர்) வைத்து முடுக்கு. டிரைவர் காலடியில் விரித்திருக்கும் மேட்டை எடுத்துவிடு, அது நழுவி பெடலுக்கு அடியில் போனால் ஆபத்து. டிக்கியில் ஒரு பாட்டில்கூட உருளக் கூடாது. இன்ஷூரன்ஸ் பாலிசியையும் படித்துப் பார். பெரும்பாலும் டிராக்கில் நடப்பதற்குப் பணம் தர மாட்டார்கள்.

அப்புறம் நீ. முந்தின இரவு நன்றாகத் தூங்கு. சீட்டில் முதுகு ஒட்டி உட்கார்ந்து கையை நீட்டினால், மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். டிராக் ஓரத்தில் காட்டும் கொடிகளின் அர்த்தம் யோசிக்காமலே வரும்வரை படித்துக்கொள், முக்கியமாக மஞ்சளும் சிவப்பும். முதல் சில சுற்றுகளில் வேகத்தை மறந்துவிடு. ஒரு வளைவில் இருக்கும்போதே பார்வை அடுத்ததற்குப் போகட்டும். வேகமாக வருபவனுக்கு வழி விடுவதில் அவமானம் எதுவும் இல்லை.

கடைசிச் சுற்றை பிரேக்கை அதிகம் தொடாமல் மெதுவாக ஓட்டு, டிஸ்க் ஆறும். நிறுத்தியதும் ஹேண்ட் பிரேக் போடாதே; கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கட்டை வை. டயர் காற்றை அப்போதே பார், சூட்டில் பிரஷர் ஏறியிருக்கும். உடம்பு சோர்ந்துவிட்டால் மீதி சுற்றுகளை விட்டுவிடு, கட்டிய பணம் போனால் போகட்டும்.

என் டார்க் ரெஞ்ச் சும்மாதான் கிடக்கிறது. வந்து எடுத்துப் போ.

அன்புடன்,
அண்ணன்