நீ கேட்டது வேகம் இல்லை

அன்புள்ள டிராம்போன்காரனுக்கு,

நலம். வீட்டில் எல்லோரும் நலம் என்று உன் நாலு வரியிலிருந்து ஊகித்துக்கொண்டேன். இத்தனை காலம் மூச்சுவிடாமல் இருந்துவிட்டு, எங்கள் காற்றுவாத்தியக் குழுவின் கச்சேரி ஒலிப்பதிவு கைக்கு வந்ததும்தான் உனக்குப் பேனா அகப்பட்டிருக்கிறது. போகட்டும், நானும் எழுதவில்லை, கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் அந்த நாலு வரியில் ஒன்று என்னைத் தூங்கவிடவில்லை. "இந்த வயதில் என்னடா இவ்வளவு வேகம்? நம் காலத்தில் இப்படிப் பறந்ததில்லையே" என்று எழுதியிருக்கிறாய்.

பறந்தது நம் காலத்தில்தான். நீ இருந்தபோது ரஷ்ய இசையமைப்பாளர் ஷோஸ்டகோவிச்சின் ‘ஃபெஸ்டிவ் ஓவர்ச்சர்’ வாசித்தோமே, அப்போது மெட்ரோனோம் 160, அதாவது நிமிடத்துக்கு 160 தட்டு. ஒலிப்பதிவில் நீ கேட்டது 148. நம்ப மாட்டாய் என்று தெரியும். மெட்ரோனோமை வைத்துத் தட்டிப் பார். நீ வாசித்ததைவிட மெதுவான வாசிப்பைக் கேட்டுவிட்டு வேகம் வேகம் என்று வாய் பிளந்திருக்கிறாய். கச்சேரி முடிந்து மேடைக்குப் பின்னால் வந்தவர்களும் அதையேதான் சொன்னார்கள். எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன. ஒருவராவது "எவ்வளவு தெளிவு" என்று சொல்லக்கூடாதா?

குச்சி பிடித்து எங்கள் குழுவை நடத்தும் புது நடத்துநரைப் பற்றி உனக்கு யாரோ தவறாகச் சொல்லியிருக்கிறார்கள். கோபக்காரர் இல்லை, பிடிவாதக்காரர். முதல் ஒத்திகையிலேயே மெட்ரோனோமை 96இல் வைத்தார். பாதிப் பேர் முகத்தில் ஈயாடவில்லை. "இதை எழுதியவர் சில நாள்களில் எழுதி முடித்தாராமே, நாம் அதைப் பயிலவே சில மாதம் எடுப்போம்போல" என்று ஹார்ன் வரிசையில் ஒருவர் முணுமுணுத்தார். அந்தக் கதை உண்மைதான். 1954இல் மாஸ்கோவின் போல்ஷாய் தியேட்டரில் அக்டோபர் புரட்சியின் 37ஆம் ஆண்டு விழாக் கச்சேரிக்குத் தொடக்க உருப்படி இல்லாமல் கடைசி நேரத்தில் ஷோஸ்டகோவிச்சிடம் ஓடினார்கள். மை காயுமுன்பே பக்கம் பக்கமாகத் தியேட்டருக்குப் போனது என்று உடனிருந்த நண்பர் லெபெடின்ஸ்கி நினைவுகூர்ந்திருக்கிறார். அவசரம் எழுதியவருக்கு; அது வாசிப்பவனுக்கு ஏன் தொற்ற வேண்டும்? எனக்கு இது இப்போதுதான் உறைக்கிறது.

கிளாரினெட் தனியாக வரும் அந்த இடத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். ஆமாம், பித்தளை வாத்தியங்களின் முழக்கம் முடிந்து பிரெஸ்டோ என்ற அதிவேகப் பகுதி தொடங்கும்போது கிளாரினெட்தான் முதலில் வாயைத் திறக்கிறது. நடுங்கினாயா என்று கேட்கிறாய். நடுக்கம் வேகத்தால் வருவதில்லை, தம்பி. பி-ஃபிளாட் என்ற ஸ்வரத்திலிருந்து அடுத்த ஸ்வரமான சி-க்குப் போகிற அந்த ஓர் அடியால் வருகிறது. பி-ஃபிளாட்டுக்கு இடது ஆள்காட்டி விரலும் கட்டை விரலும் ஆளுக்கொரு சாவியைத் தொடும். துளைகள் அத்தனையும் திறந்து கிடக்கும். அடுத்த சி-க்கு எல்லாத் துளைகளும் ஒரே கணத்தில் மூட வேண்டும், சுண்டு விரலின் சாவி உட்பட. ஒரு விரல் இம்மி பிந்தினாலும் நடுவில் இன்னொரு ஸ்வரம் எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். வலது கை விரல்களை முன்கூட்டியே மூடி வைத்துக்கொள்வதுதான் வழி. மேலே துளைகள் திறந்திருப்பதால் கீழே மூடியிருப்பது பி-ஃபிளாட்டைக் கெடுப்பதில்லை. சற்றுக் கனம்கூடச் சேர்க்கிறது. வாத்தியார் நமக்குத் தொண்டை கிழியச் சொன்ன பாடம்தான். அப்போது யார் கேட்டோம்?

என் தாளை நீ பார்த்தால் சிரிப்பாய். சுண்டு விரல் ஸ்வரங்களின் தலையில் எல்லாம் பென்சிலால் ‘இ’, ‘வ’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எது இடது கை, எது வலது கை என்று முன்னமே முடிவு செய்யாவிட்டால் அந்த இடத்தில் இரண்டு சுண்டு விரல்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கும். ஓட்டங்களைக் கடைசி ஸ்வரத்திலிருந்து பின்னோக்கிப் பயின்றேன்: கடைசி இரண்டு, கடைசி மூன்று, கடைசி நான்கு என்று. அப்படிப் பயின்றால் ஓட்டம் போகப் போகப் பழகிய இடத்துக்குள் நுழைகிறது. முன்னாலிருந்தே பயில்கிறவனுக்கு முதல் பாதி மட்டும் பளிச்சென்று வரும், மீதி சாயம் போய்விடும். இன்னொன்று, விரல் வேகமாகும்போது மூச்சு தானாகச் சுருங்குகிறது. ஒலி மெலிகிறது, மெலிந்ததும் விரல்தான் சரியில்லை என்று நினைத்து விரலை இன்னும் இறுக்குகிறோம். நடத்துநர் என்னை அந்த இடத்தை விரல் அசைக்காமல் ஒரே நீண்ட ஸ்வரமாக ஊதச் சொன்னார். பிறகு அதே காற்றில் விரல்களை ஓடவிடச் சொன்னார். அவ்வளவுதான், மற்றது தானாக வந்தது.

ஆனால் நான் எழுத வந்தது இது இல்லை. நீ ஆத்திரப்படப்போகிற விஷயம் இனிமேல்தான் வருகிறது.

தனி இடம் முடிந்து, வயலின்களுக்கு எழுதியதையெல்லாம் எங்கள் தலையில் கட்டியிருக்கும் பகுதி வருகிறதே, அங்கே நாங்கள் எல்லா ஸ்வரங்களையும் வாசிக்கவில்லை. பங்கு பிரித்துக்கொண்டோம். முதல் மேசை, அதாவது ஒரே ஸ்டாண்டில் தாள் வைத்து வாசிக்கும் முதல் ஜோடி, ஒரு தட்டின் நான்கு ஸ்வரங்களையும் அடுத்த தட்டின் முதல் ஸ்வரத்தையும் வாசித்து நிறுத்தும். அந்த முதல் ஸ்வரத்திலேயே இரண்டாம் மேசை வந்து சேர்ந்துகொள்ளும். தையல் வெளியே தெரியாது. "அச்சில் உள்ளதை விடுகிறவன் திருடன்" என்று நீ இப்போது கத்துவது எனக்குக் கேட்கிறது. கத்து. உன் தாளில் அச்சாகியிருந்ததில் பாதி ஓய்வுக்குறி. அதை நீ ஒன்றுவிடாமல் வாசித்தாய், ஒப்புக்கொள்கிறேன்.

கணக்காகவே சொல்கிறேன். 148இல் தட்டுக்கு நான்கு ஸ்வரம் என்றால் நிமிடத்துக்கு 592, வினாடிக்குப் பத்துக்குச் சற்றே குறைவு. அதாவது ஒரு ஸ்வரத்தின் ஆயுள் பத்தில் ஒரு வினாடி. அதற்குள் எட்டுப் பேர் ஆளுக்கொரு நூலிழை முன்னும் பின்னும் விழுந்தால் எட்டு பேரும் சரியாக வாசித்தும் வெளியே கேட்பது குழைந்த சத்தம்தான். நம் 160 அப்படித்தான் இருந்தது. உள்ளே உட்கார்ந்திருந்த நமக்கு வியர்த்ததால் வேகம் என்று நினைத்தோம். வெளியே இருந்தவனுக்கு ஸ்வரம் தனித்தனியாகக் காதில் விழுந்தால்தானே அது ஓடுவது தெரியும்? நீ ஏமாந்த ரகசியம் இதுதான்.

ஒலிக்கே நேரம் பிடிக்கிறது என்பதை இந்த நடத்துநர் வந்துதான் எங்களுக்கு மண்டையில் ஏற்றினார். வினாடிக்கு ஏறக்குறைய 343 மீட்டர். பெரிய டிரம்முக்கும் புல்லாங்குழல் வரிசைக்கும் இடையே 15 மீட்டர் என்றால், டிரம்மின் அடி முன்வரிசைக்கு வந்து சேர 44 மில்லிவினாடி. ஒரு ஸ்வரத்தின் பாதி ஆயுள் வழியிலேயே போய்விடுகிறது! பின்வரிசைக்காரர் முன்வரிசையைக் கேட்டு அடித்தால் அந்தத் தாமதம் இரட்டிப்பாகும். ஆகவே பின்னால் இருப்பவர்கள் காதை நம்பாமல் குச்சியைப் பார்த்தே அடிக்க வேண்டும். முன்னால் இருப்பவர்கள் பின்னாலிருந்து வருவதோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். யார் பிந்துகிறார்கள் என்று நடந்த அந்த டியூபா சண்டை நினைவிருக்கிறதா? இரண்டு பேர் பக்கமும் நியாயம் இருந்திருக்கிறது.

சுருதியைப் பற்றியும் உன் புலம்பலுக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். ஷோஸ்டகோவிச் எழுதிய மூலம் ஏ மேஜர் என்ற சுருதியில். நாங்கள் வாசிப்பது டொனால்டு ஹன்ஸ்பெர்கர் காற்றுவாத்தியங்களுக்காக எழுதிய வடிவம், ஏ-ஃபிளாட். "அரை ஸ்வரம் இறக்கியது சோம்பேறித்தனம்" என்கிறாய். மூலத்தின் சுருதியிலேயே விட்டிருந்தால் பி-ஃபிளாட் கிளாரினெட்டுக்கு ஐந்து ஷார்ப் (அரை ஸ்வரம் ஏற்றும் குறி), ஆல்ட்டோ சாக்ஸபோனுக்கு ஆறு. இறக்கியதால் எங்களுக்கு இரண்டு ஃபிளாட் (அரை ஸ்வரம் இறக்கும் குறி), அவர்களுக்கு ஒன்று; குறி குறைந்தால் விரலுக்கு இலகு. சறுக்குக் குழாயை இழுத்து விட்டுக்கொண்டிருந்த உனக்கு இதெல்லாம் எங்கே புரியும்.

ஒலிப்பதிவு சுற்றி வந்ததிலிருந்து எங்கள் இளசுகளுக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த முறை 160 போகலாம், பங்கு பிரிக்கவே வேண்டாம் என்று ஒரு கட்சி கிளம்பியிருக்கிறது. உன் கடிதத்தை அவர்களிடம் காட்டவில்லை. காட்டினால் உன்னைத் தலைவராக்கிவிடுவார்கள். நடத்துநர் அசையவில்லை. எனக்கும் அதில் கவலை இல்லை. என் கவலை வேறு.

வாத்தியாரைப் பற்றி எழுத வேண்டும். மூன்றாம் மேசையில் இன்னும் அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். வலது கை மோதிர விரலின் கணு வீங்கிவிட்டது. மடக்கினால் துளையின் ஓரம் துளி திறந்தே இருக்கிறது. கிளாரினெட்டில் அது போதும், ஸ்வரம் கீச்சென்று பிளந்துவிடும். பங்கு பிரித்தபோது, தட்டின் முதல் ஸ்வரங்களை மட்டும் தனக்கு ஒதுக்கும்படி அவரே கேட்டு வாங்கிக்கொண்டார். ஆணி அடித்தது போல ஒவ்வொன்றையும் வைத்தார். அவற்றில் போய் இறங்கினால் போதும் என்ற தைரியத்தில்தான் நாங்கள் அவ்வளவு தூரம் ஓடினோம். கச்சேரி முடிந்த பிறகு பெட்டியை மூடிக்கொண்டே, "என் நாற்காலியை அந்தப் பெண்ணுக்குக் கொடுத்துவிடுங்கள், அவள் எல்லா ஸ்வரமும் வாசிக்கிறாள்" என்றார். குரலில் வருத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நம் இரண்டு பேருக்கும் குழலைப் பிடிக்கக் கற்றுக்கொடுத்த கை அது. நீ பிறகு டிராம்போனுக்குத் தாவினாய், அது வேறு விஷயம்.

என்னிடம் ஒரு யோசனை இருக்கிறது. எங்கள் பாஸ் கிளாரினெட்காரர் இந்த மாதத்தோடு விலகுகிறார். பாஸ் கிளாரினெட்டில் விரலால் மூட வேண்டிய திறந்த துளைகளே கிடையாது. எல்லாத் துளைக்கும் மூடியோடு கூடிய சாவிகள். விரல் சாவியை அழுத்தினால் போதும், மூடியின் அட்டை துளைமேல் போய் உட்கார்ந்துகொள்ளும். கணு எவ்வளவு வீங்கியிருந்தாலும் காற்று ஒழுகாது. விரலமைப்பும் எழுத்தும் அவருக்குத் தெரிந்தவையே, ஒலி மட்டும் ஒரு ஸ்தாயி கீழே. தரையில் ஊன்றிக்கொள்ளக் கால் இருப்பதால் பாரமும் கையில் விழாது. மூச்சு கூடுதலாக வேண்டும். அது அவரிடம் நம் இருவருக்கும் சேர்த்து இருக்கிறது.

நான் சொல்லிப் பார்த்தேன். "கடைசிக் காலத்தில் கீழ் வரிசையா?" என்று சிரித்து மழுப்பிவிட்டார். ஏதோ ஓய்வூதியம் கொடுக்கிறோம் என்று நினைக்கிறார் போல. அந்த உருப்படியைக் கீழ் வரிசைதான் கட்டிக் காக்கிறது, மேலே நாங்கள் குதிப்பதெல்லாம் அதன் தயவில்தான் என்று அவருக்கு நான் சொன்னால் ஆறுதலாகப் படும். நீ சொன்னால் அப்படி இராது. கீழே உட்கார்ந்து வாசித்தவன் நீ. தவிர, அவரை முகத்துக்கு நேரே எதிர்த்துப் பேசிய ஒரே மாணவனும் நீதான். அந்த ஸ்டாண்டு விவகாரத்துக்குப் பிறகு உன் பேச்சுக்கு அவர் கொடுக்கும் மரியாதையே தனி.

ஆகவே எனக்குப் பதில் எழுத அவசரமில்லை, அவருக்கு எழுது. தொலைபேசியில் பேசாதே, பேச்சை மாற்றிவிடுவார். இரக்கம் காட்டுகிற மாதிரி ஒரு வரிகூட வேண்டாம்; வேண்டுமானால் 160, 148 விஷயத்தில் நான் சொல்வது தவறு என்று அவரிடம் வாதாடு, அது அவருக்குப் பிடிக்கும். பழைய முகவரிதான். மாதக் கடைசிக்குள் பாஸ் கிளாரினெட்டை யாரிடம் கொடுப்பது என்று முடிவு செய்கிறார்கள். அதற்குள் கடிதம் போய்ச் சேர வேண்டும்.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

இப்படிக்கு,
உன் கிளாரினெட்