லேத் வாங்கும் முன் தரையைக் கவனியுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

உங்கள் சனிக்கிழமை இணைப்பில் வீட்டுத் தரைகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். ஹாலுக்கு எது, சமையலறைக்கு எது, பாத்ரூமுக்கு எது என்று விவரமாகப் போட்டிருந்தீர்கள். ஆனால் கொரட்டூர், பாடி, மண்ணூர்பேட்டை பக்கம் வந்து பார்த்தால், கீழ்ப் போர்ஷனில் ஒரு லேத்தும் (இரும்பைச் சுழற்றிக் கடையும் மிஷின்) துளை போடும் டிரில்லிங் மிஷினும் போட்டு, கூலிக்கு உதிரிபாகம் செய்து தரும் ஜாப் ஒர்க் பண்ணுகிற வீடுகள் நிறைய இருக்கின்றன. அவர்களுக்கும் நாலு வரி வந்திருக்கலாம். மிஷினை இறக்கி, மட்டம் பிடித்து, ஓட்டிக் காட்டிவிட்டு வருவது என் தொழில். அதனால் நானே எழுதுகிறேன்.

எங்களை எப்போதும் தரை போட்டு முடித்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். உள்ளே போனால் பளபளவென்று விட்ரிஃபைட் டைல்ஸ். போன கோடையில் ஒரு வீட்டில் பழைய ஆறடி லேத்தை அப்படி ஒரு தரையில் இறக்கினோம். இறக்கும்போது ஒரு சத்தமும் இல்லை. ஓட்ட ஆரம்பித்த சில நாளில் ஹெட்ஸ்டாக் பக்கத்து, அதாவது இரும்பைச் சுழற்றும் கனமான தலைப்பகுதிப் பக்கத்து, காலடியில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல். அப்புறம் அந்தக் கல்லே உள்வாங்கிவிட்டது. பெயர்த்துப் பார்த்தால் நாலு மூலையிலும் நடுவிலும் ஒவ்வொரு கரண்டி கலவை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். மற்ற இடமெல்லாம் வெற்றிடம். டைல்ஸின் கனம் 8 முதல் 10 மில்லிமீட்டர்தான். ஆறடி லேத் ஒரு டன் சுமாருக்கு வரும், அதிலும் பெரும்பங்கு ஹெட்ஸ்டாக் காலில் இறங்கும். அந்தக் கல் எப்படித் தாங்கும்?

கல் உடைந்தால் கல்லோடு போகாது. ஒரு கால் இறங்கினால் லேத்தின் நீளமான அடிப்பகுதியான பெட் முறுக்கிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாது. ஒரு கம்பியை சக்கில், அதாவது சுழலும் பிடியில், பிடித்து, மறுமுனையைத் தாங்கும் டெயில்ஸ்டாக் கொடுக்காமல், ஒரே செட்டிங்கில் இரண்டு இடத்தில் லேசாகக் கடைந்து மைக்ரோமீட்டர் வைத்தால் தெரிந்துவிடும். இரண்டு இடத்திலும் ஒரே அளவு வர வேண்டும். பெட் முறுக்கியிருந்தால் டேப்பர் அடிக்கும், ஒரு பக்கம் பருத்து மறுபக்கம் சிறுக்கும். நாங்கள் மிஷினுக்கு வைக்கும் மட்டக் கருவி மீட்டருக்கு 0.02 மில்லிமீட்டர் ஏற்ற இறக்கத்தைக் காட்டும். அவ்வளவு நுணுக்கமாகப் பிடித்த மட்டம், ஆட்டம் கொடுக்கிற தரையில் எத்தனை நாள் நிற்கும்? வேலை கொடுத்த பார்ட்டி ஜாப்பைத் திருப்பி அனுப்புவார், ஓட்டுகிற பையன் மிஷினைத் திட்டுவான்.

தரை என்பது மேலே தெரியும் கல்லைவிட அடியில் இருப்பதுதான். சென்னையில் தெருவுக்குத் தெரு மண் மாறும். திருவான்மியூர், தண்டையார்பேட்டை பக்கம் மணல். கிண்டி, ஆதம்பாக்கத்தில் பாறை. அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் எல்லாம் களிமண், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்கும். களிமண் இடமாக இருந்தால் ஓரடியாவது தோண்டி எடுத்துவிட்டு கிராவல் கொட்டுங்கள். அரையடி அரையடியாகக் கொட்டி, தண்ணீர் விட்டு, திமிசு போட்டு இடிக்க வேண்டும். இடித்த வீட்டின் ரப்பீஸைக் கொட்டி மூடுகிற பழக்கம் நம் ஊரில் இருக்கிறதே, அதை மட்டும் மிஷின் நிற்கிற அறையில் அனுமதிக்காதீர்கள்.

அதன்மேல் ஒன்றரை இஞ்ச் ஜல்லியில் 1:4:8 கலவை (சிமெண்ட், மணல், ஜல்லி) நாலு அங்குலம். பிறகு கனமான பாலிதீன் ஷீட், ஈரம் மேலே ஏறாமல் இருக்க. அதற்கு மேல் எம்20 என்ற பலத் தரத்தில் கான்கிரீட் ஆறு அங்குலம், 8 மில்லிமீட்டர் கம்பி வலையோடு. கம்பி மண்ணோடு படுத்துவிடாமல் கவர் பிளாக் என்ற சிறு சிமெண்ட் கட்டை வைத்துத் தூக்கி நிறுத்துங்கள். சுவரோரம் தெர்மாகோல் பட்டை கொடுத்தால் அதிர்வு சுவர் வழியாகப் பக்கத்து வீட்டுக்குப் போவது குறையும். லேத்துக்கும் டிரில்லிங் மிஷினுக்கும் இது போதும். தகட்டை அடித்து வெட்டும் பவர் பிரஸ் என்றால் கதை வேறு, அதற்குத் தனியாகக் குழி எடுத்து அஸ்திவாரம் போட வேண்டும், இன்ஜினீயரைக் கேளுங்கள்.

கொத்தனார்கள் பழக்கத்தில் எல்லாத் தரைக்கும் தண்ணீர் ஓட வாட்டம் (சரிவு) கொடுத்துவிடுவார்கள். மிஷின் உட்காரும் இடத்தில் வாட்டம் வேண்டாம் என்று முன்னாலேயே சொல்லிவிடுங்கள். நடக்கிற இடத்தில் மட்டும் வாசல் பக்கம் லேசாகக் கொடுத்தால் கழுவ வசதி.

அடுத்தது, கான்கிரீட் இறுகத் தண்ணீர் கட்டுவது. பாத்தி கட்டி 14 நாள் தண்ணீர் நிறுத்தச் சொன்னால் பாதிப் பேர் மூன்றாம் நாளே மிஷினை ஏற்றப் பார்க்கிறார்கள். கான்கிரீட்டின் பலத்தையே 28 நாள் கணக்கு வைத்துத்தான் பார்க்கிறோம். அதுவரை பொறுத்திருங்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

மேல்பூச்சுக்கு தரையை இறுக்கும் ஹார்டனர் பொடி தூவித் தேய்த்த சிமெண்ட் தரையே எனக்குப் பிடித்தது. கோட்டா கல்லும் நல்லது, அடியில் வெற்றிடமே இல்லாமல் முழுக் கலவையில் பதித்திருந்தால். எபாக்ஸி என்ற பிசின் பூச்சு பார்க்க அழகு, ஆனால் கீழே ஈரம் இருந்தால் உரியும், சூடான இரும்புச் சுருள் விழுந்த இடம் கருகும். வழவழப்பான டைல்ஸில், கடையும்போது ஊற்றும் கூலன்ட் சிந்தினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். கால் வழுக்கும்போது கை எதையாவது பிடிக்கப் போகும். எதிரே சுற்றிக்கொண்டிருப்பது சக்.

மாடியில் மிஷின் போட நினைப்பவர்களுக்கு ஒன்று. கட்டடச் சுமைக்கான நம் நாட்டு ஐ.எஸ். 875 விதிப்படி குடியிருப்பு அறைத் தளங்களைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ என்ற கணக்கில்தான் வடிவமைக்கிறார்கள். லேசான வேலை நடக்கும் பட்டறைக்கே அது 500 கிலோ. தயவுசெய்து வேண்டாம்.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குள் தண்ணீர் புகுந்ததை எல்லோரும் பார்த்தோம். பல லேத்களில் மோட்டார் கீழே காலருகில்தான் இருக்கும். தரை மட்டத்தை முடிவு பண்ணும்போது ரோட்டைவிட உயரமாக இருக்கும்படி பார்த்து முடிவு பண்ணுங்கள்.

கடன் வாங்கி மிஷின் எடுக்கிற பிள்ளைகள் அட்வான்ஸ் கொடுத்த அன்றைக்கே அதன் கால் அளவையும் போல்ட் துளை அளவையும் கேட்டு வாங்கி, மேஸ்திரி கையில் கொடுக்க வேண்டும். போல்ட்டுக்குக் குழி விட்டே கான்கிரீட் போடலாம், பிறகு உடைக்க வேண்டியதில்லை. அடுத்த இணைப்பில் ஒரு கட்டிட இன்ஜினீயரிடம் கேட்டு, இந்த வேலைக்கு ஒரு படம் வரைந்து போட்டால் வெட்டி எடுத்து மேஸ்திரியிடம் காட்ட உதவும்.

இப்படிக்கு,
மிஷின் லெவலிங் தொழிலாளி,
கொரட்டூர், சென்னை - 80