பறவை பார்க்கிற சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் அங்கத்தவர்களுக்கும் வணக்கம். வராதவர்களைப் பற்றிப் பிறகு வருகிறேன்.

நிருவாகக் குழு ஆறு தடவை கூடியது. மட்டக்களப்பு வாவிக்கரையில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடந்தது. உன்னிச்சைக் குளத்துக்கு ஒருநாள் போய்வந்தோம். குமணப் பயணம் வான் வண்டி சரிவராததால் நின்றது. நவம்பர்க் கூட்டம் வெள்ளத்தோடு போயிற்று.

இனி, நான் பொறுப்பெடுத்த குருதிப் பூச்சு வேலை, அதாவது பறவையின் ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடியில் பூசி நுணுக்குக்காட்டியில் ஒட்டுண்ணி தேடுவது. பறவை பார்க்கிற சங்கத்துக்கு இரத்தப் பரிசோதனை எதற்கு என்று ஆண்டு முழுக்கப் பேச்சு. பெரும்பாலும் நான் இல்லாத இடத்தில். ஆகவே இங்கே பதில் சொல்லிவிடுகிறேன்.

ரொனால்ட் றொஸ் 1897இல் செகந்தராபாத்தில் நுளம்பின் வயிற்றுச் சுவரில் மலேரியாக் கிருமியைக் கண்டார். ஆனால் அது ஒரு உடம்பிலிருந்து இன்னொரு உடம்புக்கு நுளம்பு வழியே போவதை அவர் முழுதாகக் காட்டியது அடுத்த ஆண்டு கல்கத்தாவில், அதுவும் சிறு பறவைகளை வைத்து. மலேரியாவின் கதையே பாதி பறவைக் கதைதான்.

பறவைகளின் குருதியில் மலேரியா வகை ஒட்டுண்ணிகள் முக்கியமாக மூன்று சாதி. பிளாஸ்மோடியத்தை நுளம்பு கொண்டுபோகும், அதிகமும் கியூலெக்ஸ். ஹீமோபுரோட்டியஸைப் பொடி ஈக்களும், புறாவின் இறகுக்குள் நண்டு மாதிரி ஓடுகிற தட்டை ஈயும் பரப்பும். லூக்கோசைட்டோசூனுக்குப் பெரும்பாலும் ஓடும் நீரில் வளர்கிற கறுப்பு ஈ வேண்டும். மரபணுவைப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கிய பிறகு இவற்றுக்குள் ஆயிரக்கணக்கான கிளைகள் தெரியவந்திருக்கின்றன. கப்பலோடு நுளம்பு போய்ச் சேர்ந்த ஹவாய்த் தீவுகளில் பறவை மலேரியாவுக்குப் பழக்கப்படாத பறவைகள் கூட்டமாக அழிந்தன. நுளம்பு ஏறாத குளிர்மலையில்தான் மிச்சம் தங்கியது.

காட்டுப் பறவையைப் பிடிக்க அனுமதி வேண்டும். உரிய இடத்துக்கு மூன்று கடிதம் போட்டேன், இன்றுவரை பதில் இல்லை. சரி, வீட்டுப் புறாவில் தொடங்குவோம் என்று ஓர் அங்கத்தவரின் கூட்டுக்குப் போனோம். மிருக வைத்தியர் ஒருவர் செட்டை நரம்பில் ஒரு துளி எடுத்தார். கிருமியை நிறம் பிரித்துக் காட்டும் ஜிம்சா சாயம் போட்டு, நுணுக்குக்காட்டியின் எண்ணெய் வில்லையில் (எண்ணெய்த் துளி விட்டுப் பெரிதாக்கிப் பார்க்கிற வில்லை) பார்த்தேன். நமது செங்குருதிக் கலத்தில் கரு இல்லை, பறவைக்கு உண்டு. சில கலங்களில் அந்தக் கருவை அணைத்தபடி, கவிழ்த்த பிறை மாதிரி, உள்ளே கபிலப் பொட்டுகளோடு ஒன்று கிடந்தது. ஹீமோபுரோட்டியஸ். இரவு பதினொரு மணிக்குத் தலைவருக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் நித்திரை.

அப்புறம் நடந்ததுதான் வேதனை. 'புறாவுக்கு மலேரியா' என்று செய்தி பரவி, கூட்டின் சொந்தக்காரர் புறாக்களை எல்லாம் மச்சானுக்குக் கொடுத்துவிட்டார். அடுத்த கூட்டத்துக்கு அவரும் இல்லை, அவரோடு வருகிற நால்வரும் இல்லை. இந்த ஒட்டுண்ணி மனிதரில் தொற்றாது. 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடு என்று அறிவித்தது, அந்த நிலைக்கு நமது புறாக்களால் ஒரு குறையும் வராது.

எத்தனை வீதம் பறவைகளில் இது இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு: அவ்வளவு இலகுவில் சொல்ல முடியாது. பழைய தொற்றில் கிருமி மிகக் குறைவாக இருக்கும், பூச்சில் தப்பிவிடும். கடும் நோயில் உள்ள பறவை பறக்காமல் குந்தியிருக்கும், வலையில் விழாது. செத்தது கணக்கிலேயே வராது. வலையில் விழுந்ததை மட்டும் எண்ணினால் நிலைமை பிழையாகத் தெரியும். நமது சங்கமும் அப்படித்தான். பதிவேட்டில் நாற்பத்திரண்டு பேர், கூட்டத்துக்கு ஒன்பது. மற்றவர்கள் குந்தியிருக்கிறார்களா, வேறு எதுவுமா என்று செயலாளருக்குத் தெரியாது. சந்தாவும் அவர்களோடுதான் இருக்கிறது. இரண்டு வருடம் கட்டாதவர்களின் பெயரை வாசிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் வாசிக்கவில்லை.

கணக்கு விபரத்தைப் பொருளாளர் தருவார். கையிருப்பு உண்டு, பெரிதாக இல்லை. சாயமும் கண்ணாடி வழுக்கியும் என் கைக்காசில் வாங்கியவை. பற்றுச்சீட்டுகள் என்னிடம் இருக்கின்றன, இதுவரை யாரும் கேட்கவில்லை.

மண்டபம் தந்தவர்களுக்கும், தேநீர் தந்த வீட்டாருக்கும், மிருக வைத்தியருக்கும், நுணுக்குக்காட்டியை இரவல் தந்த ஓய்வுபெற்ற ஆய்வுகூட உதவியாளருக்கும் நன்றி.

வருகிற ஆண்டில் அனுமதி கிடைத்தால் மைனாவும் கொண்டைக்குருவியும் பார்க்க ஆசை. உவர்நீர்க்கரைப் பறவைகளில் இந்த ஒட்டுண்ணி குறைவு என்று பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வாவிக்கரையையும் காட்டோரத்தையும் ஒப்பிட இதைவிட நல்ல ஊர் எது? அதற்கு இன்னொரு எண்ணெய் வில்லையும் சனிக்கிழமை காலையில் வரக்கூடிய மூன்று பேரும் தேவை. செயலாளர் பதவிக்கு வேறு யாரும் முன்வந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை, நுணுக்குக்காட்டி மட்டும் என் வீட்டில் இருக்கிறது. சந்தாப் புத்தகம் வாசலோர மேசையில்.

செயலாளர்