சித்திரைக் குழந்தை மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறந்த பருவத்துக்கும் மூளைக்கும் பிற்கால உடல்நலத்துக்கும் தொடர்பு உண்டு என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். என் அக்காவும் படித்துவிட்டு, "பார்த்தியா, பெரியவங்க அப்பவே சொல்லி வச்சாங்க" என்றார். அதனால்தான் உடனே எழுதுகிறேன்.

என் தங்கை மகளுக்குப் போன சித்திரையில் பெண் குழந்தை. மூன்று கிலோ நூறு கிராம், நல்ல அழுகை. ஆனால் மாப்பிள்ளை வீட்டாரின் முணுமுணுப்பு பேர் வைக்கிற நாள் வரைக்கும் ஓயவில்லை. ஆடியிலேயே பிரித்து வைத்திருக்கணும், அப்பனுக்கு ஆகாது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் ஒன்றும் சொல்லவில்லை, தொட்டில் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து கயிற்றை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

தொடர்பு இருப்பது நிஜம்தான், நான் மறுக்கவில்லை. டென்மார்க்கில் பதினேழு லட்சம் பேருக்கு மேல் எடுத்துப் பார்த்து 1999-இல் வெளியிட்ட ஆய்வில், பிப்ரவரி, மார்ச்சில் பிறந்தவர்களுக்கு மனச்சிதைவு நோய் வரும் வாய்ப்பு ஆகஸ்ட், செப்டம்பரில் பிறந்தவர்களைவிட 11 சதவீதம் கூடுதல். நூறில் ஒருவருக்கு வருகிற நோயில் 11 சதவீதம் என்றால் எவ்வளவு சின்ன வித்தியாசம் என்று யோசியுங்கள். ஆயுள் விஷயத்திலும் இப்படித்தான். ஆஸ்திரியாவிலும் டென்மார்க்கிலும் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் சில மாதங்கள் கூடுதலாக வாழ்கிறார்கள், ஆனால் அங்கே குளிர் என்றால் இங்கே கோடை என்று பருவம் மாறி வருகிற ஆஸ்திரேலியாவில் அது ஆறு மாதம் தள்ளி அப்படியே தலைகீழாகிவிடுகிறது. ராசியோ மாதத்தின் பெயரோ காரணமாக இருந்தால் ஆஸ்திரேலியாவில் மட்டும் ஏன் மாறப் போகிறது? வெயில், குளிர், காய்ச்சல், தாய் சாப்பிட்ட சாப்பாடு, இதையெல்லாம்தான் தேட வேண்டும்.

ஆப்பிரிக்காவில் காம்பியா நாட்டுக் கதை இதைவிடத் தெளிவு. அங்கே கெனேபா வட்டாரக் கிராமங்களில் 1949 முதல் பிறப்பு இறப்பு எழுதி வைத்திருக்கிறார்கள். மழைக்காலம் வந்தால் குதிரில் தானியம் தீர்ந்துவிடும், வயல் வேலையோ அப்போதுதான் அதிகம், கூடவே மலேரியா. பிள்ளைத்தாச்சிகளும் அரை வயிற்றோடு வயலில் நிற்பார்கள். ஜூலையிலிருந்து டிசம்பருக்குள் பிறந்தவர்கள் 25 வயதைத் தாண்டிய பிறகு அகாலமாகச் சாகும் அபாயம் மற்றவர்களைவிடப் பத்து மடங்கு என்று 1997-இல் கண்டுபிடித்தார்கள், பெரும்பாலும் தொற்றுநோய்களால். அப்படியானால் அது தலைவிதியா? அதே ஆண்டு வந்த இன்னொரு ஆய்வைப் பாருங்கள். அதே நாட்டில் 28 கிராமங்களில் கர்ப்பிணிகளுக்கு வறுத்த நிலக்கடலை, அரிசி மாவு, சர்க்கரை, கடலை எண்ணெய் சேர்த்துச் செய்த பிஸ்கட் தினம் இரண்டு கொடுத்தார்கள். தானியம் தீர்ந்துபோகிற அந்தப் பஞ்சகாலத்தில் பிறந்த குழந்தைகளின் எடை சராசரியாக 201 கிராம் கூடியது, இறந்தே பிறப்பதும் முதல் வாரத்தில் இறப்பதும் பாதியளவுக்குக் குறைந்தன. மாதம் மாறவில்லை, தாய்க்குச் சாப்பாடு கிடைத்தது, அவ்வளவுதான்.

நம் ஊரிலும் வெயில் பெரிய விஷயம்தான். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தார் தமிழ்நாட்டில் 800 கர்ப்பிணிகளைக் கவனித்து 2024-இல் சொன்னது: கடும் வெப்பத்தில் வேலை செய்கிறவர்களுக்குக் கரு கலைவதும் குழந்தை இறந்து பிறப்பதும் இரண்டு மடங்கு. வயல், செங்கல் சூளை, உப்பளம் என்று நிற்கிற பெண்கள் அவர்கள். ஆடியில் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அந்தப் பெண்களுக்கு என்ன கிடைத்துவிடும்? அவர்களுக்கு ஒரு நிழல் வேண்டும், பக்கத்திலேயே தண்ணீர் வேண்டும், கூலி பிடிக்காத ஓய்வு வேண்டும். இதை யாரும் கேட்பதில்லை, குழந்தை எந்த மாதம் என்று மட்டும் கேட்கிறார்கள்.

அடுத்த இதழில் அந்தக் கடலை பிஸ்கட் விஷயத்தையும் போடுங்கள் ஆசிரியரே. என் தங்கையின் சம்பந்தி வீட்டிலும் உங்கள் பத்திரிகைதான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி